பால் ஆடும் பழைய ஜீப்பும்

பாராத பொருளை வாங்கியவனுக்கு, பார்த்தபின் அவ்வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பது ஹனஃபீ மத்ஹபின் சட்டம். 'கியாருர் ருஃயா' என்று அதற்குப் பெயர். எங்கள் ஊர் மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். நண்பகல் வெயிலிலும் மாணவர்கள் உறங்காமல் கேட்கும் பாடங்களுள் இது ஒன்று. காரணம் வேறில்லை, இதில் ஆடு வருகிறது, வீடு வருகிறது, மடித்து வைத்த துணி வருகிறது.

'பார்த்தல்' என்றால் எதைப் பார்த்தல் என்பதே இப்பாடத்தின் சாரம். குவித்து வைத்த தானியமானால் மேற்புறத்தைக் கண்டால் போதும். சவாரி மிருகமானால் முகத்தையும் பின்புறத்தையும் கண்டால் போதும். ஆனால் ஆட்டுக்கு வந்ததும் ஹிதாயா நூலின் ஆசிரியர் இமாம் மர்கீனானீ அவர்கள் (ஹிஜ்ரி 593இல் மறைந்தவர்) சற்று நின்று பிரித்துரைக்கிறார். இறைச்சிக்கு ஆடு வாங்குபவன் கைவைத்துத் தடவிப் பார்த்தாக வேண்டும். பாலுக்கென வளர்க்க வாங்குபவன் மடியைப் பார்த்தாக வேண்டும். ஆடு என்னவோ ஒன்றுதான். வாங்குபவனின் நோக்கம் மாறும்போது, கண் போக வேண்டிய இடமும் மாறுகிறது.

இதுகாறும் நான் ஆடு வாங்கியதில்லை. சென்ற ஷவ்வால் மாதத்தில் ஜீப்பு வாங்கப் போனேன்.

என் தங்கை மகன் ஒரு மாலை வந்து, "மாமா, தென்கரையில ஒரு பழைய ஜீப்பு விலைக்கு வருது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்" என்றான். எதற்கு என்று வினவினேன். அவனிடம் மூன்று காரணங்கள் இருந்தன. கும்பக்கரை சாலையோரம் அவர்களுக்குள்ள மாந்தோப்பிலிருந்து காய்களை இறக்க ஒவ்வொரு பருவத்திலும் டிராக்டருக்கு வாடகை அழ வேண்டியிருக்கிறது. ஜீப்பிருந்தால் சிறு டிரெய்லரைக் கட்டிக்கொள்ளலாம். விடுமுறை நாள்களில் அடுக்கம் வழியாகவும் காட்ரோடு வழியாகவும் கொடைக்கானல் ஏறும் வண்டிகள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. அவற்றைக் கட்டி இழுத்துக் கொடுத்தால் நல்ல வருமானம். மூன்றாவது, வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்துப் பழைய வடிவிலேயே புதிதாக்கி நிறுத்த வேண்டும் என்ற ஆசை. முதலிரண்டையும் வாயால் சொன்னான். மூன்றாவதைச் சொல்லும்போது அவன் கண்களும் பேசின.

பணம் என் மச்சானுடையது. சவூதியில் 22 ஆண்டுகள் கனரக வண்டி ஓட்டிச் சேர்த்தது. அவர் மறைந்தபின், அதிலிருந்து ஒரு பகுதியைத் தங்கை என் பொறுப்பில் ஒப்படைத்து, "பிள்ளைக்குத் தொழிலுக்கு ஆகட்டும், ஆனால் நீங்க பாத்துச் சொன்னால்தான்" என்று கூறியிருந்தாள். அமானிதம் என்ற சொல்லைப் பாடமாகச் சொல்வது வேறு, மடியில் வைத்திருப்பது வேறு. அத்துடன் மலைச்சாலையில் வண்டி இழுக்கும் தொழிலில் பணம் மட்டும் போவதில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப்பைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் பொழுது விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கி மலைக்குப் புறப்படுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். நாங்கள் பார்க்கச் சென்றதும் அவ்வேலை செய்து ஓய்ந்த வண்டிதான். 'சி.ஜே. 3பி' என்னும் உயர்ந்த பானெட் கொண்ட வகை. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி 1953 முதல் 1968 வரை செய்தது. அதன் இயந்திரத்தில் காற்று உள்ளே போகும் வால்வு தலைக்கு மேலேயும், புகை வெளியேறும் வால்வு பக்கத்திலும் இருக்கும். மேலே வந்த வால்வுக்கு இடம் வேண்டிப் பானெட்டை உயர்த்தினார்கள். அதனால்தான் அவ்வண்டிக்கு அந்த நெட்டை முகம்.

இந்தியாவில் அதைச் செய்த மஹிந்திராவின் வரலாற்றில் நம் வாசகர் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. 1945இல் லூதியானாவில் அந்நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மது'. மஹிந்திரா சகோதரர் இருவருடன் கூட்டாக நின்றவர் அலிகரில் பயின்ற மாலிக் குலாம் முஹம்மது. பிரிவினையின்போது அவர் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் கவர்னர் ஜெனரலுமானார். 1948இல் கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதை என் மருமகனிடம் சொன்னபோது, "அப்ப நம்ம வண்டிதானே மாமா!" என்றான். வாங்கவேண்டும் என்று முடிவு கட்டியவனுக்கு வரலாறும் தரகு வேலை பார்க்கிறது.

எங்களுடன் வந்த மெக்கானிக் என் பழைய மாணவர். ஓதுவதை நடுவில் விட்டுவிட்டு ஸ்பானர் பிடிக்கப் போனவர். அன்று அவர்மீது எனக்கு வருத்தம். இன்று அவர் கையை நம்பித்தான் நான் சென்றேன். விற்பவர் எழுபத்தேழு வயதுப் பெரியவர். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் 1968இல் இவ்வண்டி புதிதாக வந்த நாள் முதல் ஓட்டியவர். சம்பள பாக்கிக்கு ஈடாக 1994இல் முதலாளி வண்டியையே கொடுத்துவிட்டாராம். "ஒரு லட்சத்து எண்பது" என்றார். அதற்குமேல் எதுவும் பேசாமல் கொட்டகைத் திண்ணையில் அமர்ந்துகொண்டார்.

மருமகன் முன்னே போய் ஏழு துளை கிரில்லைத் தடவினான்; பின்னே போய்க் கதவைத் திறந்து மூடினான். குதூரீ சொன்னபடி முகமும் பின்புறமும் ஆயிற்று! பச்சை வண்ணம் புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. எனக்கு அப்போது வீடு பற்றிய சட்டம் நினைவுக்கு வந்தது. வீடு வாங்குபவன் முற்றத்தைப் பார்த்தால் போதும் என்று பழைய சட்டம். இமாம் ஸுஃபர் மட்டும் அறைகளுக்குள் நுழைந்து பார்த்தாக வேண்டும் என்றார்கள். பழைய காலத்து வீடுகள் ஒன்றுபோல் இருந்தன, இக்காலத்து வீடுகள் அப்படியல்ல, ஆகவே இன்று உள்ளே நுழைந்தே ஆக வேண்டும் என்று ஹிதாயா ஆசிரியரே முடித்துவிடுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த வண்டிகளில் எந்த இரண்டு ஒன்றுபோல் இருக்கும்? கோணிச்சாக்கை விரித்துப் படுத்து மெக்கானிக்குடன் நானும் அடியில் நுழைந்தேன். தொப்பியைக் கழற்றி மருமகன் கையில் கொடுத்தபோது பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார்.

மெக்கானிக் முதலில் இயந்திரத்தைத் தொடவேயில்லை. "என்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் மாத்திக்கலாம் ஹஜ்ரத். சேஸ் போச்சுன்னா வண்டி போச்சு" என்றார். சிறு சுத்தியலால் சேஸின் இரு தண்டுகளையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. அரித்த இடம் தகரம்போல் சத்தமிட்டது. தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு இதுவே பெரும் நோய். சிந்திய உரத்தின் உப்பு, மலையின் ஈரத்தோடு சேர்ந்து தளத்தகட்டைத் தின்று சேஸுக்கு இறங்குகிறது. இவ்வண்டியின் தளத்தகடு இரண்டிடங்களில் விரல் விட்டால் வெளியே வந்தது. தகட்டைப் புதிதாக அடித்துக்கொள்ளலாம். சேஸ் பெரும்பாலும் கணீரென்றே ஒலித்தது.

அடுத்து ஒரு நூலை எடுத்தார். முன் இடது பட்டை மாட்டும் கண்ணிலிருந்து பின் வலது கண்ணுக்கு நூல் பிடித்து அளந்தார். பிறகு மறு குறுக்கே. இரண்டு அளவும் சமமாக இருந்தால் சேஸ் கோணவில்லை என்று பொருள். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் அதே கணக்கு. கால் அங்குலத்துக்குள் நின்றது. பிறகு ஜாக்கியில் தூக்கி முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். கிங் பின்னில் தேய்மானம். கியர்ப் பெட்டியின் எண்ணெய் அளவையும், அதனோடு ஒட்டிய டிரான்ஸ்ஃபர் பெட்டியின் அளவையும் பார்த்தார். ஒன்றில் குறைந்து மற்றதில் மிஞ்சியிருந்தது. இடையிலுள்ள சீல் போய்விட்டது என்றார். இவையெல்லாம் பணம் கேட்கும் குறைகளே தவிர, வண்டியைத் தள்ளும் குறைகள் அல்ல.

அப்போதுதான் அவர் என் தோளைத் தொட்டு மேலே காட்டினார். டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து முன் அச்சுக்குப் போக வேண்டிய சாஃப்ட் இல்லை. உள்ளே லீவர் இருக்கிறது, போட்டால் விழுகிறது, ஆனால் விசை போய்ச்சேர வழியில்லை. நான்கு சக்கர வண்டி என்று பெயர், இழுப்பது இரண்டு. இவ்வகையில் தாழ்ந்த விகிதத்தைப் போடவும் முன் அச்சு சேர்ந்தாக வேண்டும். வியாபாரிகளின் வழக்கத்தில் விலையைக் குறைக்கக் கூடியது எதுவோ அதுவே 'ஐபு' என்று நம் நூல்கள் வரையறுக்கின்றன. இதைவிடத் தெளிவான ஐபு ஏது? பெரியவர் சொல்லவில்லையே என்ற கசப்பு எனக்குள் எழுந்தது. விலையைக் குறைக்க ஒரு பிடி கிடைத்தது என்ற மகிழ்ச்சியும் உடனெழுந்ததை மறைப்பானேன்?

வெளியே வந்து மருமகனைத் தனியே அழைத்துச் சென்று, இழுப்பது பற்றிப் பேசினோம். இளைஞர்கள் இழுப்பதை இயந்திரத்தின் வேலை என்று எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் இவ்வண்டி குறைந்ததல்ல. அமெரிக்க மூலவடிவின் பல் கணக்குப்படி, தாழ்ந்த விகிதத்து முதற் கியரில் இயந்திரம் 37 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். அத்தனை நிதானமான பிடி. ஆனால் மலையில் ஏறியவன் இறங்கவும் வேண்டும். ஜீப்பின் எடை ஏறத்தாழ 1000 கிலோ. இன்று மலையேறும் வண்டிகளில் பல 1500 கிலோவுக்கு மேல். இறக்கத்தில் கட்டப்பட்ட வண்டிதான் கட்டியவனைத் தள்ளும். பழுதான வண்டியின் இயந்திரம் ஓடாததால் அதன் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் நின்றிருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவன் மிதித்தாலும் முழுமையாகப் பிடிக்காது. ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம்தான். கொண்டை ஊசி வளைவில் பின்னாலிருந்து ஒரு தள்ளு விழுந்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

நிறுத்துவதற்கு இருப்பவையோ நான்கு பழைய டிரம் பிரேக்குகள். நான்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே தடம். எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போய்விடும். கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால், சாஃப்டைப் பிடிக்கிறது. அந்தச் சாஃப்டின் கிராஸ் உடைந்தால் கை பிரேக்கும் இல்லை. "உங்க அத்தா இருந்தா இதைத்தான் மொதல்ல பாத்திருப்பார்" என்று மெக்கானிக் சொன்னார். மருமகன் பேசவில்லை.

பிரேக்கை மாற்றலாம், கனமான அச்சைப் போடலாம், நீளமான சேஸ் வாங்கலாம். அப்படிச் செய்தால் இழுக்கலாம். ஆனால் பழைய வடிவில் புதிதாக்கும் ஆசை அங்கே முடிந்தது. சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து மூல வடிவம் கெடாதிருக்கும் வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகளாகத் தனியே பதியலாம். அவ்வாறு பதிந்தால் அன்றாடம் ஓட்டவோ வருமானத்துக்கு ஓட்டவோ கூடாது. கண்காட்சிக்கும் பவனிக்கும் பழுதுபார்க்கவும் எண்ணெய் போடவும் மட்டும் சாலைக்கு வரலாம். மடியைப் பார்த்து வாங்கிய ஆட்டை இறைச்சிக்கு அறுக்க இயலாதல்லவா? மருமகனோ பாலும் வேண்டும், இறைச்சியும் வேண்டும் என்று நின்றான்.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பெட்ரோல் வண்டி என்றிருந்தது. பானெட்டுக்கு அடியில் இருந்ததோ டிராக்டர் இயந்திரத்தின் வழிவந்த ஒரு டீசல். எண்ணும் வேறு. இயந்திரத்தை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் பெற்றுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம், இங்கே ஏற்றவில்லை. இப்போது என்னிடம் இரண்டு பிடிகள் இருந்தன. திண்ணைக்குச் சென்றேன்.

"முன் சாஃப்ட் இல்லையே பெரியவரே" என்றேன்.

"வண்டியில இல்லை வாத்தியாரே, வீட்டுல இருக்கு" என்று எழுந்தார். 1979இல் பெட்ரோல் விலை ஏறியபோது, உருளும் சுமை குறையட்டும் என்று முதலாளி கழற்றச் சொன்னாராம். உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். கிரீஸ் தடவி, துணி சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் துரு ஒரு புள்ளி இல்லை. டீசல் விஷயத்தையும் அவரே சொன்னார். "அது 88ல மாத்துனது. புத்தகத்துல ஏத்தலை. நீங்க கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்."

நான் நம்பினேனா என்று அந்த நொடியில் கேட்டிருந்தால் விடை சொல்லத் தயங்கியிருப்பேன். அடுத்து அவர் செய்தது அத்தயக்கத்தைப் போக்கியது. மெக்கானிக்கை வண்டியின் பின்னால் அழைத்துச் சென்று, கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில், தார் பூசிய ஓரிடத்தைச் சாவியால் சுரண்டினார். உள்ளே ஒரு பட்டைத்தகடு. "இதை நீங்க பாக்கலை. 86ல போடி மெட்டுல ஆள் ஏத்துன ஜீப்பு ஒண்ணு நின்னு போச்சு. நான்தான் கட்டி இழுத்தேன். வளைவுல ஒரு வெட்டு விழுந்துச்சு. சேஸ் விரிசல் விட்டுப்போச்சு. வெல்டு வெச்சு மேல தகடு அடிச்சிருக்கு. இதுக்கு முப்பதாயிரம் குறைச்சுக்கங்க."

சுத்தியலும் நூலும் கண்டுபிடிக்காததை விற்பவர் காட்டினார். பொருளை அப்படியே, எக்குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று சொல்லி விற்கவும் நம் சட்டம் விற்பவனுக்கு இடமளிக்கிறது. அவ்வழியை அவர் நாடவில்லை. மருமகன் அந்தத் தகட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மலைச்சாலையில் வண்டி இழுக்கும் திட்டத்தை நான் மறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் என் மனம் இலேசாகத் திரும்பியிருக்கும். கொட்டகையின் மூலையில் தென்னோலைக்கடியில் ஒரு இரும்புக் குவியல் கிடந்தது. "அந்தப் பழைய என்ஜினையும் எடுத்துட்டுப் போயிருங்க. காயலான் கடைக்குப் போட வேண்டியது" என்றார் பெரியவர். மெக்கானிக் குனிந்து துடைத்து எண்ணைப் படித்தார், ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அதே எண். வண்டியின் பிறவி இயந்திரம்! என்னருகே வந்து, "ஹஜ்ரத், இது கெடைக்காம அலையிறாங்க. தாளுக்கும் இதுதான் சரி. இவருக்குத் தெரியலை. பேசாம ஏத்திருவோம்" என்று காதில் சொன்னார்.

நான் பேசாமல்தான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவர் தாமாகக் கொடுக்கிறார், நாம் பொய் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. விற்பவன் குறையை மறைப்பதே நூல்களில் பேசப்படுகிறது. வாங்குபவன் நிறையை மறைப்பது அத்தனை இடங்களில் இல்லை. தங்கையின் பணம் என் பொறுப்பில் இருக்கிறது; அதைக் காப்பதும் அமானிதம்தானே என்றெல்லாம் மனம் வாதாடியது. வாதம் வலுவாகத்தான் இருந்தது. ஆனால் பெரியவர் சுரண்டிக் காட்டிய தார் இன்னும் தரையில் கிடந்தது.

"இது காயலான் கடைக்குப் போகிற இரும்பு இல்லை பெரியவரே. எண் புத்தகத்தோடு ஒத்திருக்கிறது. தேடி வாங்குபவர்கள் உண்டு" என்றேன். அவர் சற்று யோசித்து, "அப்ப பத்தாயிரம் சேத்துக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடிந்தது. மருமகன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை மட்டும், "பத்தாயிரத்துக்கு வாயைத் திறந்தீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள்.

வண்டி இப்போது வடகரையில் மெக்கானிக்கின் பட்டறையில் இருக்கிறது. பாடியைத் தூக்கித் தனியே வைத்துவிட்டார்கள். விரிசல் விட்ட குறுக்குச் சட்டத்தை அறுத்தெடுத்துப் புதிது வைத்தாயிற்று. பிறவி இயந்திரத்தைப் பிளந்து பார்த்தபோது சிலிண்டர்கள் தேய்ந்திருந்தனவே தவிர, புகை வால்வின் இருக்கையோரம் விரிசல் இல்லை. இவ்வகையில் விரிசல் விடும் இடம் அதுவாம். பாரம்பரியப் பதிவுக்குப் போகவில்லை. பெட்ரோல் இயந்திரத்தையே பூட்டிச் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க எண்ணியுள்ளோம். மலைக்கு இழுக்கப் போவதில்லை என்று மருமகன் தன் தாயிடம் சொல்லிவிட்டான். தோப்புக்கும் வீட்டுக்கும் இடையே சமதரையில், தனியே பதிவு செய்த சிறு டிரெய்லரில், அரைச் சுமையளவு மாங்காய்.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப்பின் நான் பட்டறைக்குப் போவதுண்டு. பெரியவர் பெரும்பாலும் எனக்கு முன்பே வந்து முக்காலியில் அமர்ந்திருப்பார். எந்த போல்ட் இந்த வண்டியுடையது, எது பின்னால் வந்தது என்று சொல்லிக்கொடுக்கிறார். சென்ற வாரம் முன் சாஃப்டை மாட்டினார்கள். வீல் சிலிண்டர்கள் மதுரையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.